‘தைரியமாக இரு’ என்பது மருந்தாகுமா?



சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஏரி என்று பெயரே தவிர, உண்மையில் அது முகத்துவாரத்தின் வழியே கடலோடு இணைந்த உப்பங்கழி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரிய உப்பங்கழி இதுதான். பரப்பில் பெரிதே ஒழிய ஆழத்தில் பெரிதன்று. பல இடங்களில் ஓராள் நடந்தே போய்விடலாம். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, நீர் ஆவியாகி, சில பகுதிகளில் கடலைவிட உப்புக் கூடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் பிற ஆறுகளும் கொண்டுவந்து கொட்டும் வெள்ளத்தால் அதே நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும்.

இப்படி ஆண்டுக்கு ஒருமுறை தலைகீழாக மாறும் நீரில் சேற்று நண்டு எப்படி உயிர் வாழ்கிறது? மழைக்காலத்தில் வெளிநீரில் உப்புக் குறையும்போது நண்டின் உடலிலிருந்து உப்பு வெளியே கசியப் பார்க்கும். நண்டின் செவுள்களில் உள்ள நுண்ணிய எக்கிகள் ஓயாமல் இயங்கி, வெளிநீரில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச உப்பையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால், எக்கி இயங்க ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல், நண்டு தின்ற உணவிலிருந்துதான் வரவேண்டும். உப்புக்காகச் செலவிட்ட ஆற்றலை வளர்ச்சிக்குச் செலவிட முடியாது. தாக்குப்பிடிப்பது என்பது நண்டுக்குக்கூட இலவசமாகக் கிடைப்பதில்லை.

இதை ஏன் முதலில் சொன்னேன் என்றால், மனிதர்கள் நோயைத் தாங்குவது பற்றி நாம் பேசும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இறால் பிடிக்கும் ஒருவருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். இது என் கற்பனை. ஆனால், இப்படிப்பட்டவரை நீங்கள் உங்கள் ஊரிலேயே பார்த்திருக்கக் கூடும். ஆறு மாதம் நாள் தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும். உடல் மெலிந்து, வலை இழுக்கத் தெம்பில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், “அண்ணே, மனசைத் தளரவிடாதீங்க, தைரியமா இருங்க” என்கிறார்கள். அவருக்கு மாத்திரை கொண்டுவரும் செவிலியரும் களைத்துப் போயிருக்கிறார். அவரிடம் மேலதிகாரி சொல்வதும் அதேதான்: “நீங்களே இப்படிச் சோர்ந்தா எப்படிம்மா?”

இந்த அறிவுரை தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால், அதை மருந்து என்று நம்புவது தவறு என்கிறேன். தாங்கும் வலிமை ஒருவரது நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கும் பொருள் என்றும், கோழைக்கு அது இல்லை, வீரனுக்கு உண்டு என்றும் நாம் எண்ணிவிடுகிறோம். அறிவியல் காட்டும் வழி வேறு.

உடல் வைக்கும் கணக்கு

1936-இல் ஹான்ஸ் செல்யி என்னும் அறிஞர் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு, நஞ்சு என எலிகளுக்கு எந்தத் துன்பத்தைக் கொடுத்தாலும் அவற்றின் உடல் ஏறத்தாழ ஒரே விதமாக எதிர்வினை புரிவதை அவர் கண்டிருந்தார். இந்த எதிர்வினையில் முதன்மையான பங்கு சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு உண்டு. அவை சுரக்கும் கார்ட்டிசால், இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி உடலை ஆபத்துக்குத் தயார்படுத்துகிறது. புயலில் சிக்கிய படகுக்காரருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால், புயல் மாதக்கணக்கில் ஓயாவிட்டால்? கார்ட்டிசால் நீண்ட காலம் மிகுந்திருந்தால் உறக்கம் கெடும்; இரத்த அழுத்தம் ஏறும்; நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றும். அமெரிக்க நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவன் 1990-களில் இதை உடலில் சேரும் ஒரு தேய்மானச் சுமையாக விளக்கினார். நண்டின் கதைதான் இதுவும். கடன், பசி, நாளை என்ன ஆகுமோ என்ற அச்சம் இவற்றோடு நோயும் சேர்ந்துகொண்டால், உடல் எல்லாவற்றுக்கும் ஒரே பையிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஆகவே, “தைரியமாக இரு” என்று சொல்வதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவரது பையிலிருந்து எந்தச் செலவை நாம் குறைக்க முடியும்?

சென்னையில் நடந்த ஒரு சோதனை

இந்தக் கேள்விக்கு உலகுக்கே வழிகாட்டிய ஒரு விடை நம் சென்னையில்தான் கிடைத்தது என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? பழவேற்காட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள சேத்துப்பட்டில், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் நிலையத்தின் கதை இது.

1950-களில் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஐசோநயாசிட் என்னும் மாத்திரை 1952 முதல் பயனுக்கு வந்தது. ஆயினும், நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல உணவும் முழு ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று மருத்துவ உலகம் நம்பியது. இந்தியாவில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போவது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கூடி 1956-இல் ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கின. அதன் தலைவராக வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். ஏழை நோயாளிகளை இரு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியம் சென்றனர். மற்றவர்கள் சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் மருந்து ஒன்றே, காலமும் ஓராண்டே. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைவிட எளிய உணவையே உண்டார்கள். ஓய்வும் அவர்களுக்குக் குறைவு. படித்தவர்கள் பலரும் எதிர்பார்த்திருக்கக் கூடிய முடிவு என்னவென்று உங்களுக்கே தெரியும்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமடைந்திருந்தனர்! அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மனைவி மக்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றிவிடவில்லை. மருந்து தொடங்கியதும் நோயாளி பிறருக்குக் கிருமியைப் பரப்பும் ஆற்றல் விரைவாகக் குறைந்துவிடுகிறது; தொற்றில் பெரும்பகுதி, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. இந்த ஆய்வுக்குப் பின் உலகெங்கும் காசநோய்ச் சானடோரியங்களின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

இதிலிருந்து, ‘மருந்து போதும், மற்றவை எதுவும் வேண்டாம்’ என்று சிலர் முடிவு கட்டினார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. வீட்டில் விடப்பட்டவர்கள் தனியே விடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நிலையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்றார்கள். மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். போலீஸ் வேலை போலத் தோன்றுகிறதா? ஓரளவுக்கு உண்மைதான். ஆனால், வாரந்தோறும் ஒருவர் வாசலில் வந்து நின்று உங்கள் பெயரைச் சொல்லி விசாரிப்பது, கூடவே இருக்கும் குடும்பம், கைவிட்டுப் போகாத வீடு ஆகிய இவை இல்லாமல் ஓராண்டு மருந்தை விடாமல் விழுங்குவது எத்தனை பேருக்கு இயலும்? சானடோரியம் சென்றவர்களிலேயே சிலர் இடையில் வெளியேறிவிட்டனர்.

உணவின் பங்கு பற்றி அண்மையில் தெளிவான சான்று கிடைத்திருக்கிறது. ஜார்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஓர் ஆய்வில், காசநோயாளிகளின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. ‘லான்செட்’ இதழில் 2023-இல் இது வெளியாயிற்று. அரிசியும் பருப்பும் நோயைத் தாங்கும் வலிமையாக மாறியதை இதைவிடத் தெளிவாக யாரால் காட்ட முடியும்?

நம் இறால் பிடிப்பவரிடம் திரும்புவோம். இன்று அவர் விழுங்கும் மருந்துகளில் ரிஃபாம்பிசின் என்பது ஒன்று. அதை உட்கொண்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், தீங்கில்லை. இதை முன்கூட்டியே செவிலியர் ஒரு வரியில் சொல்லிவிட்டால் அவர் சிரித்துக்கொண்டே மாத்திரையைத் தொடர்வார். சொல்லாவிட்டால், ‘மருந்து ரத்தத்தைக் கெடுத்துவிட்டது’ என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடக் கூடும். தைரியம் குறித்த பத்துச் சொற்பொழிவுகளுக்கு இந்த ஒரு வரி மேல் என்பது என் துணிபு.

பாடும் பாடுபடுவோரும்

பழவேற்காட்டு மீனவரிடம் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் உண்டு. அதற்குப் ‘பாடு’ என்று பெயர். முகத்துவாரத்துக்கு அருகே இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சில. வலுத்தவன் அவற்றைப் பிடித்துக்கொண்டால் இளைத்தவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான். எனவே, ஊர் கூடி, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் எல்லாருக்கும் சுற்றி வரும். ஒருவரது நல்ல நாளும் கெட்ட நாளும் ஊரெங்கும் பகிர்ந்து கொள்ளப்படுகின்றன. காப்பீட்டு நிறுவனங்கள் தாள்களில் எழுதிச் செய்வதை இவர்கள் தண்ணீரில் செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊர்க்கட்டு பேரிடரில் உதவுமா? 26.12.2004 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியபின் இதை டேனியல் ஆல்டிரிச் என்னும் அமெரிக்க அறிஞர் ஆராய்ந்தார். வலுவான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த மீனவ ஊர்களுக்கு உதவிகள் விரைவாக வந்து சேர்ந்தன. இதுவரை நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: அந்த ஊர்க்கட்டுக்கு வெளியே நின்றவர்களான தலித் மக்கள், விதவைகள் முதலியோர் பட்டியலில் இடம் பெறாமல் போனார்கள். கட்டு எவ்வளவு இறுக்கமோ, வெளியே விடப்பட்டவர்களுக்கு அவ்வளவு கேடு.

பழவேற்காட்டிலும் பாட்டு முறையில் பெயர் உள்ளவர்கள் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. ஆழம் குறைந்த நீரில் மணிக்கணக்கில் அமிழ்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பொறுக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் தேடுவார்கள். இருளர் குடும்பங்களைச் சேர்ந்த பலருக்கு இதுவே பிழைப்பு. அவர்கள் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய வருமானம் அத்தோடு சரி. அவர்களது பொறுமையைப் புகழ்ந்து பேசுவது எளிது. அந்தப் புகழ்ச்சி சில வேளைகளில் நாம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் தப்பித்துக்கொள்ளும் உபாயமாகவும் ஆகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தாங்குபவரைத் தாங்குவது யார்?

இனி, மாத்திரைப் பையோடு மணலில் நடந்து வரும் அந்தச் செவிலியரைப் பார்ப்போம். சமவெளிப் பகுதியில் ஒரு துணைச் சுகாதார நிலையத்துக்கு 5,000 மக்கள் என்பது அரசு வகுத்த அளவு. கருவுற்ற பெண்களைப் பதிவு செய்தல், குழந்தைகளுக்குத் தடுப்பூசி, காசநோயாளியைப் பின்தொடர்தல், இவை அனைத்துக்கும் பதிவேடு, பதிவேட்டுக்குமேல் கைப்பேசியில் பதிவு என அவர் வேலை நீளும். குப்பத்தில் ஒரு குழந்தை இறந்தால் அந்தத் தாய் முதலில் சட்டையைப் பிடித்துக் கேட்பதும் அவரைத்தான். தோளில் சாய்ந்து அழுவதும் அவர் மேல்தான்.

1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் மனநல அறிஞர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையின் தொண்டர்களிடம் ஒரு விந்தையைக் கண்டு எழுதினார். சோம்பேறிகள் சோர்ந்து போகவில்லை. மிகுந்த ஆர்வத்தோடு வந்தவர்களே எரிந்து தீர்ந்த விளக்குத் திரி போலானார்கள். களைப்பு முதலில் வரும். பிறகு நோயாளியிடம் எரிச்சல் வரும். கடைசியில், ‘நான் செய்வதால் என்ன பயன்?’ என்ற எண்ணம் வரும். உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் இதற்கு விளக்கம் வகுத்தபோது இதை ஒரு நோய் என்று குறிக்கவில்லை. பணியிடத்தோடு சேர்ந்த ஒரு நிலை என்றே குறித்தது. இந்த வேறுபாடு சொல் விளையாட்டன்று. நோய் என்றால் மருந்து ஆளுக்கு. பணியிடத்தின் குறை என்றால் சீர்திருத்தம் பணியிடத்துக்கு.

கொரோனாக் காலத்தில் இதை நாம் கண்ணெதிரே கண்டோம். 2020 மார்ச்சில் நாடு முழுதும் மருத்துவப் பணியாளருக்காகக் கைதட்டினோம். ஏப்ரலில், அந்நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யச் சென்றவர்கள் மீது ஒரு கூட்டம் கல்லெறிந்தது. சக மருத்துவர் ஒருவரே இரவில் மண்ணள்ளிப் போட்டுக் குழியை மூட நேர்ந்தது. அதே மாதம், மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறை விதிக்க வகைசெய்யும் அவசரச் சட்டம் வந்தது. கைதட்டலைவிட அந்தச் சட்டமே அவர்களுக்கு உண்மையான துணை என்று கருதுகிறேன்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகக் கடலோர ஊர்களில் உள்ளூர்ப் பணியாளருக்கு மன ஆறுதல் பணியில் பயிற்சி அளித்தது. உளவியல் வல்லுநர் எல்லா ஊருக்கும் போக முடியாது. உள்ளூர்க்காரர் போக முடியும். துயருற்றவரை உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லச் செய்வது நல்லதென்று முன்பு கருதினார்கள். சோதித்துப் பார்த்தபோது அதனால் பயன் தெரியவில்லை. 2011-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட கையேடு எளிமையான வழியைச் சொல்கிறது: பார், கேள், இணை. அதாவது, உடனடித் தேவை என்ன என்று பார். அவர் பேச விரும்பினால் மட்டும் கேள். உணவு, மருந்து, உறவினர் ஆகியவற்றோடு இணைத்துவிடு. இதே மூன்றையும் அந்தப் பணியாளருக்கு யார் செய்வது? துயரம் கேட்டுக் கேட்டு நிறைந்துபோன அவர்களுக்கும் ஓய்வு நாளும், பேசக் கூடிய சக பணியாளரும், ‘இந்த வாரம் அந்தத் தெருவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல ஒரு மாற்றாளும் வேண்டும். மாற்றாள் கொடுக்காமல் ஒருநாள் ‘மன உறுதிப் பயிலரங்கு’ மட்டும் நடத்துவது, ஓட்டைப் படகுக்காரருக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது போன்றது. நீச்சல் நல்லதுதான். படகையும் அடைக்க வேண்டும் அல்லவா?

தமிழ்நாட்டில் 5.8.2021 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது. ஒருநாள் கூலியை இழந்து பேருந்தேறிப் போகும் செலவு நோயாளியின் பையிலிருந்து குறைகிறது. 1956-இல் சென்னையில் வீடு தேடிச் சென்றவர்களின் வழியில்தான் இதுவும் நடக்கிறது. வீடு தேடிச் செல்லும் அந்தப் பெண்களின் பையிலிருந்து என்ன செலவாகிறது என்ற கணக்கையும் கூடவே பார்த்தால் நான் இன்னும் மகிழ்வேன்.

உங்களில் ஒருவர் இப்போது எழுந்து, “அப்படியானால் மனத்துக்கு மதிப்பே இல்லையா? ஒரே துன்பத்தில் ஒருவர் நிமிர்கிறார், ஒருவர் ஒடிகிறாரே?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் இவற்றில் சிக்கிய பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில் வளர்ந்தனர். அவர்களுக்கு இயல்பிலேயே சில நல்ல குணங்கள் இருந்தன என்பது உண்மை. கூடவே இன்னொன்றும் இருந்தது: அவர்களைப் பொருட்படுத்தி அன்பு காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார். பெற்றவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாக, ஆசிரியராக, அடுத்த வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். மனம் உறுதிப்படுவது உண்மை. ஆனால், அது மற்றொரு மனிதரைப் பற்றிக்கொண்டே உறுதிப்படுகிறது.

பழவேற்காட்டுப் பக்கம் வாழும் மாணவர்களுக்கு இந்த மாதம் ஒரு வேலை தருகிறேன். மற்ற ஊர் மாணவர்களும் தத்தம் ஊருக்கு ஏற்றபடி செய்யலாம். பாட்டு முறையில் உள்ள பெரியவர் ஒருவரிடம், நோயில் படுத்தவரின் முறை வரும் நாளில் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். ஏரியில் கையால் இறால் பொறுக்கும் அம்மாவிடம், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துத் தருவார்கள் என்று கேளுங்கள். உங்கள் தெருவுக்கு வரும் செவிலியரிடம், அவர் விடுப்பில் போனால் அந்த மாத்திரைப் பையை யார் தூக்குவார்கள் என்று கேளுங்கள். அவர் நின்றுகொண்டே பதில் சொல்லப் பார்ப்பார். முதலில் ஒரு முக்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கலாம்.